கடல் கடந்தவனுக்குத் துணை, கூட நின்ற மனிதனே!



"வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவனுக்குத் துணை நின்றது கையில் இருந்த ஒப்பந்தமா, கூட இருந்த மனிதனா?" இதுதான் இன்றைக்குத் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ரொம்ப அழுத்தமாகச் சொன்னார், "ஐயா, மனுஷன் மாறுவான், எழுத்து மாறாது" என்று. நல்ல வசனம். நானும் கை தட்டினேன். ஆனால் நீங்கள் ஒன்றைக் கவனித்தீர்களா? அவர் பேச வரும்போது கொண்டுவந்த குறிப்புச் சீட்டு பாதியில் கீழே விழுந்துவிட்டது. மனுஷன் தடுமாறிப் போயிட்டாரு. பக்கத்தில் இருந்த அம்மா எடுத்துக் கொடுத்த பிறகுதான் பேச்சு தொடர்ந்தது. காகிதம் மாறாதுதான் நண்பரே, ஆனா காணாமப் போகும். எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேணும்! (சிரிப்பு)

முதலில் வெளிநாடு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா என்று சொல்வீர்கள். திருப்பத்தூருக்குப் பக்கத்தில் ஜவ்வாது மலை இருக்கிறதே, அங்கே போய்க் கேளுங்கள். மலை மேலே மூன்று நாடுகள் இருக்கின்றன. புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு. கையெழுத்தில் ஊராட்சி, வாய்ப்பேச்சில் நாடு. சின்னச் சின்ன ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அங்கே வாழ்கிறவர்களுக்கு மலையாளி என்று பெயர். உடனே "சேட்டா, சுகமா?" என்று கேட்காதீர்கள். அவர்கள் பேசுவது தமிழ். மலையை ஆள்கிறவன் மலையாளி. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலை ஏறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. ஆக, அவர்களே ஒரு காலத்தில் நாடு விட்டு நாடு போனவர்கள்தான். சாமை விதைத்து, புளி உலுக்கி, தேன் எடுத்துப் பிழைத்தார்கள்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. நெல்லிவாசல்நாட்டில் பிறந்த ஒருவன் கூலி வேலைக்கு மலையை விட்டு இறங்கினால், அவன் கணக்கில் அது நாடு தாண்டிய பயணம். கீழே பணம் வேறு, கணக்கு வேறு, பேசும் தோரணை வேறு. முதல் நாள் வேலையில் அவனுக்கு வருகிற பயம் இருக்கிறதே, அதே பயம்தான் டர்பன் துறைமுகத்தில் இறங்கியவனுக்கும், துபாய் விமான நிலையத்தில் இறங்கியவனுக்கும். "இங்கே எனக்கு யாரைத் தெரியும்?" அந்த ஒரு கேள்விதான்.

அந்த மலையடிவாரத்துக்கு வருவோம். 1856ல் சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் வந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். 1862க்குள் அதே பாதை ஜோலார்பேட்டை வழியாக மேற்குக் கடற்கரை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ரயில் வந்தால் என்ன வரும்? சரக்கு வரும், சர்க்கார் வரும், கூடவே ஆள் பிடிக்கிறவனும் வருவான். மழை பொய்த்த வருஷம் பார்த்து வருவான். வட ஆர்க்காடு ஜில்லாவில் ஏரி வறண்டால் அவனுக்கு அறுவடை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போன தமிழர்களின் கப்பல் பதிவேட்டைப் பார்த்தால், ஜில்லா என்ற கட்டத்தில் திரும்பத் திரும்ப வருகிற பெயர் வட ஆர்க்காடு. அப்போது நெல்லிவாசல்நாடு இருக்கிற திருப்பத்தூர் தாலுகா சேலம் ஜில்லாவில் இருந்தது. 1911ல்தான் வட ஆர்க்காட்டோடு சேர்ந்தது. இப்போது அதுவே தனி மாவட்டம். ஜில்லா எல்லையை மாற்றலாம், பசிக்கு ஏதய்யா எல்லை?

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்று ஒரு கப்பல் கிளம்பியது. உள்ளே 342 பேர். நவம்பர் 16ஆம் தேதி டர்பனில் போய் இறங்கினார்கள். அன்றைக்கு ஆரம்பித்து 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் போனார்கள். அதில் பாதிக்கும் மேல் சென்னைத் துறைமுகம் வழியாக.

இவர்கள் எல்லோர் கையிலும் ஒப்பந்தம் இருந்தது ஐயா! எதிரணி நண்பர்கள் சந்தோஷப்படலாம். தமிழிலும் தெலுங்கிலும்கூட அச்சடித்துக் கொடுத்தார்கள். பின்னாளில் வழக்கமான நிபந்தனை ஐந்து வருஷம். முதல் வருஷம் மாசம் 10 ஷில்லிங், அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. ரூபாய்க்கு ஏறத்தாழ ரெண்டு ஷில்லிங் என்று அந்தக் காலத்துக் கணக்கு. ஆக மாசம் அஞ்சு ரூபாய். அரிசி, பருப்பு, உப்பு அளந்து கொடுப்பார்கள். தங்க இடம் உண்டு. வாரத்துக்கு ஆறு நாள், நாளைக்கு ஒன்பது மணி நேரம் வேலை. பத்து வருஷம் அந்த நாட்டில் இருந்தால் இலவசமாக ஊர் திரும்பக் கப்பல். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரும்போது பேசுகிற மாதிரி இருக்கிறது. (சிரிப்பு)

ஆனால் இதைப் படித்தது யார்? நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எழுத்து வாசனையே இல்லாத காலம். கையெழுத்துப் போடத் தெரியாதவன் ஒரு கீறல் போடுவான். அந்தக் கீறலுக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? தற்குறி. தன் பெயருக்குப் பதிலாகத் தான் இடும் குறி. இன்றைக்கு அதை வசவாக்கி வைத்திருக்கிறோம். அன்றைக்கு அந்தத் தற்குறியை வைத்துத்தான் அஞ்சு வருஷ வாழ்க்கையை எழுதிக் கொடுத்தான்.

கப்பல் ஏறும்போது பதிவேட்டில் அவன் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் என்ன தழும்பு, எல்லாம் எழுதினார்கள். ஒரு எண்ணும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்த எண்தான் அவன். வீட்டில் ராமசாமி, தோட்டத்தில் ஒரு நம்பர்.

வேலை தொடங்கியதும் என்ன ஆச்சு? எழுத்தில் ஒன்பது மணி நேரம். கரும்பு வெட்டி ஆலை ஓடுகிற பருவத்தில் சூரியனே களைத்துப்போய் வீட்டுக்குப் போன பிறகும் இவன் வேலையில் இருப்பான். உடம்பு சரியில்லாமல் படுத்தால் கூலி பிடிப்பு. மொரீஷியஸ் தீவில் இன்னும் அநியாயம். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் ரெண்டு நாள் கூலி போச்சு. இந்தப் பிடிப்புக்கு 'டபுள் கட்' என்று பெயரே உண்டு.

"அதான் புகார் சொல்ல அதிகாரி இருந்தாரே!" என்று எதிரணி அம்மா கேட்டார்கள். இருந்தார். அவர் எப்படி வந்தார் என்பதைச் சொல்ல விட்டுவிட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். முதலில் போனவர்களில் ஒரு கூட்டம் பத்து வருஷம் முடித்து 1871ல் ஊர் திரும்பியது. சென்னையில் கரை இறங்கியவர்கள் வாயைத் திறந்தார்கள். சாட்டையால் அடித்தார்கள், கூலியைக் கொடுக்கவில்லை என்று சொன்னார்கள். பத்து வருஷமாக ஒப்பந்தக் காகிதம் பெட்டிக்குள் இருந்தது, அது ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வந்த மனிதன் பேசினான். அதன் பிறகுதான் 1872ல் நேட்டால் அரசாங்கம் விசாரணைக் கமிஷன் வைத்தது. அந்தக் கமிஷன் சாட்டையடி கூடாது என்றது, இந்தியத் தொழிலாளருக்குப் பாதுகாவலர் என்று ஒரு அதிகாரி வேண்டும் என்றது. ஏற்கெனவே நின்று போயிருந்த ஆள் ஏற்றுமதி 1874ல்தான் மறுபடி ஆரம்பித்தது. நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த அதிகாரி நாற்காலியே திரும்பி வந்தவன் வாயிலிருந்து பிறந்தது.

சரி, அதிகாரி வந்துவிட்டார். அவரிடம் போய்ப் புகார் சொல்ல வேண்டுமானால் தோட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும். வெளியே வர அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு கொடுப்பது யார்? முதலாளி. எந்த முதலாளியைப் பற்றிப் புகாரோ, அதே முதலாளி! "ஐயா, உங்க மேல புகார் கொடுக்கப் போறேன், தயவுசெஞ்சு லீவு கொடுங்க." மாமியாரைப் பற்றிப் புகார் சொல்ல மாமியாரிடமே ஆட்டோ காசு கேட்கிற மாதிரி. (சிரிப்பு, கைதட்டல்)

சிரித்துவிட்டோம். ஆனால் இதற்கு அடுத்ததைக் கேட்டால் சிரிப்பு வராது. 1891ல் நேட்டாலில் ஒரு சட்டம் வந்தது. அந்த வருஷத்துச் சட்டங்களில் 25ஆவது. அதில் 101ஆம் பிரிவு. ஒரு தோட்டத்துத் தொழிலாளர்கள் எல்லோருமோ, பெரும் எண்ணிக்கையிலோ, அனுமதி இல்லாமல் வேலையை விட்டுவிட்டுப் புகார் கொடுக்கக் கிளம்பினால், அவர்களுக்கு அபராதம் போடலாம், சிறையில் அடைக்கலாம். சரி, புகார் பொய்யாக இருந்தால் தண்டனை, அப்படித்தானே? இல்லை. புகார் உண்மையாக இருந்தாலும் தண்டனை உண்டு என்று எழுதி வைத்தான்!

ஏன் இப்படி ஒரு பிரிவு? வெள்ளைக்கார முதலாளி ஒருத்தன் தனியாக வந்து முனகினால் கவலைப்படவில்லை. நாலு பேர் சேர்ந்து நடந்து வந்தால் பயந்தான். ஒப்பந்தக் காகிதத்தைக் கொடுத்ததே அவன்தான், அதைக் கண்டு அவன் ஏன் பயப்படப் போகிறான்? கூட நடக்கிற ஆளைக் கண்டு பயந்தான். எங்கள் அணிக்குச் சாட்சி சொல்ல எதிரியே சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறான் ஐயா! (கைதட்டல்)

இப்போது உங்களை 1894ஆம் வருஷம் டர்பன் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். காந்தியடிகள் அங்கே வக்கீல் தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதம்தான் ஆகிறது. அவரும் வெளிநாட்டில் புது வேலைக்கு வந்தவர்தானே! ஒரு நாள் அவர் அலுவலகத்தில் ஒரு ஆள் வந்து நிற்கிறார். கிழிந்த துணி. முன்பல் ரெண்டு உடைந்து வாயெல்லாம் ரத்தம். உடம்பு நடுங்குகிறது, அழுகிறார். பெயர் பாலசுந்தரம். தமிழர். ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்த அடி.

காந்திக்கு அன்றைக்குத் தமிழ் தெரியாது. பாலசுந்தரத்துக்கு ஆங்கிலமோ குஜராத்தியோ தெரியாது. அப்புறம் எப்படிப் பேசினார்கள்? காந்தியிடம் ஒரு குமாஸ்தா இருந்தார், அவர் தமிழர். பாலசுந்தரம் தமிழில் அழுததை அவர் ஆங்கிலத்தில் சொன்னார். எல்லோரும் காந்தியைச் சொல்வார்கள், பாலசுந்தரத்தைச் சொல்வார்கள். நடுவில் நின்ற அந்தக் குமாஸ்தாவை யாராவது சொல்வார்களா? நான் இந்த மேடையில் அவருக்கு ஒரு கும்பிடு போடுகிறேன். அவர் அங்கே இல்லாவிட்டால் பாலசுந்தரம் வாசலில் ரத்தத்தோடு நின்றிருப்பார், காந்தி உள்ளே பரிதாபத்தோடு உட்கார்ந்திருப்பார், ரெண்டு பேருக்கும் நடுவே பாஷை சுவராக நின்றிருக்கும்.

காந்தி என்ன செய்தார்? முதலில் ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். நேரே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். மாஜிஸ்திரேட்டே கொதித்துப்போய் முதலாளிக்குச் சம்மன் அனுப்பினார். ஆனால் காந்திக்கு முதலாளியை ஜெயிலில் போட வேண்டும் என்பது நோக்கமில்லை, பாலசுந்தரத்தை அந்த ஆளிடமிருந்து விடுவித்தால் போதும். அங்கேதான் சிக்கல். சாதாரண வேலைக்காரன் வேலையை விட்டு ஓடினால் முதலாளி சிவில் வழக்குப் போடலாம், அவ்வளவுதான். ஒப்பந்தக் கூலி ஓடினால் அது கிரிமினல் குற்றம், ஜெயில். எதிரணி நண்பர்களே, நீங்கள் துணை என்று சொல்கிற காகிதம் அடிபட்டவன் காலில் விலங்காகக் கிடந்தது!

கடைசியில் முதலாளி ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கச் சம்மதித்தார். காந்தி இன்னொரு ஐரோப்பியரைத் தேடிப் பிடித்து அவரிடம் பாலசுந்தரத்தைச் சேர்த்தார். அந்தச் சேதி தோட்டம் தோட்டமாகப் பரவியது. நமக்காகப் பேச ஒருத்தர் இருக்கிறார் என்று கூலிகள் வர ஆரம்பித்தார்கள். சென்னை வரைக்கும் அந்தச் சேதி வந்ததாகக் காந்தியே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார்.

அதில் இன்னொரு சின்ன விஷயம் இருக்கிறது. பாலசுந்தரம் அறைக்குள் வரும்போது தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். வெள்ளைக்காரர் முன்னால் இப்படித்தான் போக வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். காந்தி முன்னாலும் அப்படியே வந்து நின்றார். காந்திக்கு அவமானமாகப் போய்விட்டது. "முதல்ல அதைக் கட்டிக்கோங்க" என்றார். தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டார் பாலசுந்தரம். அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியைக் காந்தி பல வருஷம் கழித்தும் மறக்காமல் எழுதுகிறார். தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளலாம் என்று எந்த ஒப்பந்தத்தில் எத்தனையாவது ஷரத்தில் இருந்தது?

அந்த ஊரில் தமிழனை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் தெரியுமா? ஒன்று 'கூலி', இன்னொன்று 'சாமி'. கூலி என்றால் நமக்குச் சம்பளம், அவர்களுக்கு அது ஆளின் பெயர். காந்தியையே கூலி பாரிஸ்டர் என்றார்கள். ராமசாமி, முனுசாமி, கோவிந்தசாமி என்று வரிசையாகக் கேட்டுக் கேட்டு, கடைசி ரெண்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் சாமி என்று ஏளனம் செய்தார்கள். நம்ம ஆள் சும்மா இருப்பானா? "துரை, சாமின்னா எங்க பாஷையில எஜமான். நான் உங்களுக்கு எஜமான் இல்லீங்களே!" என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. சில துரைமார் நெளிந்தார்கள், சிலருக்குக் கோபம் வந்தது. (கைதட்டல்)

அடுத்த வருஷமே, 1895ல், இன்னொரு காகிதம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தும் ஊருக்குத் திரும்பாமலோ, மறுபடி ஒப்பந்தத்தில் சேராமலோ அந்த நாட்டிலேயே இருந்தால் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி. முதலில் 25 பவுன் கேட்டார்கள், பேரத்தில் மூன்றாக இறங்கியது. மனைவிக்கும் வரி. 16 வயது தாண்டிய பையனுக்கும், 13 வயது தாண்டிய பெண்ணுக்கும் வரி. இங்கே இருக்கிற தாய்மார்கள் கணக்கில் புலி, நீங்களே போட்டுப் பாருங்கள். நாலு பேர் குடும்பத்துக்கு வருஷம் 12 பவுன். குடும்பத் தலைவனின் சராசரி வருமானம் மாசம் 14 ஷில்லிங்கைத் தாண்டியதில்லை என்கிறார் காந்தி. பன்னிரண்டு மாசத்துக்கு 168 ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுன். ஆக வருஷ வருமானமே எட்டரைப் பவுன்கூட இல்லை, வரி 12 பவுன்! இதுவும் எழுத்தில்தான் இருந்தது, முத்திரை குத்தித்தான் வந்தது.

அந்த வரியை எடுத்தது எது? 1913ல் டிரான்ஸ்வாலிலிருந்து பெரும்பாலும் தமிழ்ப் பெண்களாக ஒரு குழு எல்லை தாண்டி வந்து, நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களிடம் லயம் லயமாகப் பேசியது. சுரங்கத்தை விட்டு ஆயிரக்கணக்கில் வெளியே வந்தார்கள், பிறகு கரும்புத் தோட்டமும் வேலையை நிறுத்தியது. தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோய் கண்டு, வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22ல் பதினாறு வயதில் உயிரை விட்டாள். அந்த ஆண்டிலேயே வரி போனது. நம் வீட்டுப் பதினாறு வயதுப் பெண்ணை நினைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள், நான் விவரிக்கப் போவதில்லை.

இப்போது எதிரணியின் பெரிய அம்புக்கு வருகிறேன். "கூட இருந்த மனிதன் என்கிறீர்களே, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் ஆளைக் கூட்டிப் போன கங்காணி யார்? சொந்த ஊர்க்காரன், சொந்தச் சாதிக்காரன், சில நேரம் சொந்த மாமன். அவன்தானே கடனில் மூழ்கடித்தான்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. மழுப்ப மாட்டேன்.

கங்காணி ஊருக்கு வருவார். புது வேட்டி, கையில் காசு. "வா மாப்ளே, நான் இருக்கேன்" என்பார். ஊரை விட்டுக் கிளம்பும்போது கொடுத்த முன்பணம், வழிச்செலவு, சோற்றுச் செலவு எல்லாம் அவர் கணக்கில் கடனாக ஏறும். அந்தக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தே போனார்கள். காலராவும் காய்ச்சலும் வழியிலேயே எத்தனையோ பேரைக் கொண்டு போயின. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து முதல் நாள் கொழுந்து கூடையை மாட்டும்போதே அவன் கடன்காரன். அப்புறம் 'துண்டு' என்று ஒரு முறை. இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆளை விடுகிறேன் என்று ஒரு சீட்டு. அடுத்த தோட்டத்துத் துரை பணத்தைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். கடன் தீருமா? தோட்டம் மாறும், கடன் கூடவே நடந்து வரும். 1921ல்தான் சட்டம் போட்டு அந்தத் துண்டை ஒழித்தார்கள்.

இதில் எங்கள் அணிக்கு என்ன பதில்? கங்காணி மாமனாக வந்தபோது நம்ம ஆள். மாமன் கையில் என்றைக்குத் துண்டுச் சீட்டு வந்ததோ, அன்றைக்கே அவர் உங்கள் அணியில் சேர்ந்துவிட்டார் நண்பர்களே! (கைதட்டல்)

கை தட்டிவிட்டீர்கள், ஆனால் இந்த ஒரு பதில் போதாது என்று எனக்கும் தெரியும். கங்காணியை நம்பிப் போனவன் ஒரு பிறப்புச் சான்றுகூட இல்லாமல் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் கிடந்தான். 1948ல் இலங்கை சுதந்திரம் அடைந்த அதே வருஷம் குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பன், பாட்டன் எங்கே பிறந்தார்கள், காட்டு காகிதத்தை என்றார்கள். இல்லை. லட்சக்கணக்கான பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். இந்த இடத்தில் எதிரணிக்கு நானே ஒரு கைதட்டல் கொடுக்கிறேன். காகிதம் இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் அந்தக் குடியுரிமை எப்படித் திரும்பி வந்தது? தொழிற்சங்கம் கட்டினார்கள். 1986 ஜனவரியில் தொண்டமான் தலைமையில் தோட்டத் தொழிலாளர்கள் பிரார்த்தனைப் போராட்டம் என்று ஒன்று நடத்தினார்கள். வேலைக்குப் போகாமல் கோயிலில் கூடிக் கும்பிட்டார்கள். கும்பிடுகிறவனை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? அரசாங்கம் இறங்கி வந்தது. 1988ல் ஒரு சட்டம், மிச்சம் இருந்தவர்களுக்கு 2003ல் ஒரு சட்டம். போன காகிதத்தை வாங்கிக் கொடுத்ததே பக்கத்தில் நின்று கும்பிட்ட மனிதன்தான்.

மறுபடி நம் ஜவ்வாது மலைக்கு வருகிறேன். நல்ல துணையைத்தான் துணை என்கிறேன், கூட வருகிறவன் எல்லாம் துணை இல்லை என்பதை அந்த மலை கண்ணீரோடு தெரிந்து வைத்திருக்கிறது. கூலி வேலை, நல்ல சம்பளம் என்று ஏஜெண்டுகள் மலைக்கு வருவார்கள். முன்பணம் கையில் விழும். கங்காணி போய் எத்தனையோ வருஷம் ஆச்சு, அவர் வழி இன்னும் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள், தாக்க வந்தார்கள், சுட்டோம் என்றது அந்த மாநிலக் காவல்துறை. பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்றார்கள் மனித உரிமைக்காரர்கள். செத்தவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலையிலிருந்தும், தர்மபுரி மாவட்டத்து மலைகளிலிருந்தும் போன ஏழைகள். என்ன வேலை, யாருக்கு வேலை என்று கேட்டுச் சொல்ல அவர்களுக்கு ஒரு ஆள் இல்லை. முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போனவன் எவனோ, அவன் பெயர் அந்த இருபதில் இல்லை.

இன்றைக்கு வளைகுடாவுக்குப் போகிற நம் பிள்ளைகளைப் பாருங்கள். இங்கே ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். டிரைவர் வேலை, இவ்வளவு சம்பளம் என்று இருக்கும். அங்கே போனதும் அரபியில் இன்னொரு காகிதம். ஆடு மேய்க்கும் வேலை, பாதிச் சம்பளம். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதும் நடக்கிறது. 1983ல் நம் நாட்டில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது, அதிலும் பாதுகாவலர் என்று ஒரு அதிகாரி. நேட்டாலில் 1872ல் கேட்ட அதே பெயர்! சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதிவு இல்லாத ஏஜெண்டிடம் காசைக் கொடுக்காதீர்கள், ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள், இதெல்லாம் எதிரணி சொன்னது, நானும் வழிமொழிகிறேன். அந்த நகலை எடுத்துக்கொண்டு ஓட வீட்டில் யார் என்பதை இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது பேசிக்கொள்ளுங்கள். மகனை விமானம் ஏற்றும்போது ஊறுகாய் பாட்டில் வைக்கிறோம், விபூதிப் பொட்டலம் வைக்கிறோம். "அங்கே இறங்கி ஒரு சங்கடம்னா முதல்ல யாருக்குப்பா போன் பண்ணுவே?" என்று கேட்டோமா? அதற்கு ஒரு பெயரும் ஒரு நம்பரும் அவன் வாயிலிருந்து வர வேண்டும்.

நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார், தெரிகிறது ஐயா. ஒன்றே ஒன்று.

அந்தக் கப்பல் பதிவேடுகள் இருக்கின்றனவே, அவை இன்றும் தென்னாப்பிரிக்காவில் பத்திரமாக இருக்கின்றன. டர்பனில் இருக்கிற நாலாவது, அஞ்சாவது தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வராது. ஆனால் பாட்டனுடைய நம்பரை வைத்துத் தேடுகிறார்கள். எந்தக் கட்டத்தைத் தேடுகிறார்கள்? எத்தனை ஷில்லிங் கூலி என்றா? கிராமம் என்ற கட்டத்தை. வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்த மாதிரி எழுதிய ஊர்ப்பெயர், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்றே புரியாது. அதை எழுதிக்கொண்டு விமானம் ஏறி, சென்னையில் இறங்கி, வேலூர் பஸ் பிடித்து, ஏதோ ஒரு ஊர் டீக்கடையில் வந்து சீட்டை நீட்டுகிறார்கள். டீக்கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, "இந்தப் பேர்ல ஊர் இல்லீங்களே. கொஞ்சம் இருங்க, எங்க பெரியப்பாவைக் கேட்டா தெரியும்" என்று டீயை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டு, கடையை அப்படியே விட்டுவிட்டு, கூடவே நடந்து வருகிறார்.

மணி அடிச்சிட்டாங்க.